தெரிந்தே விற்றேன்

நெல்லைப் பக்கம் மருந்துக்கடை வைத்திருந்தவன் நான். 1990-களின் கடைசியில், பீட்டா கரோட்டின் சேர்ந்த கேப்சூல்களை நிறைய விற்றேன். யாருக்கு அது ஆகாதோ அவர்களுக்கும் விற்றேன். தெரிந்தே விற்றேன்.

கேரட்டுக்கு நிறம் தருவது பீட்டா கரோட்டின். முருங்கைக்கீரையிலும் உண்டு, பச்சையம் அதை மறைத்துவிடும். இத்தகைய காய்கறிகளை அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டின. அந்த நிறமியை மட்டும் மாத்திரையாகக் கொடுத்தால்? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு சோதித்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. தினம் 20 மில்லிகிராம் சாப்பிட்டவர்களிடம் அந்தப் புற்றுநோய், சாப்பிடாதவர்களைவிட 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்த ஆய்வில் 28 சதவீதம் அதிகம். 1996 ஜனவரியில் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

இரண்டையும் படித்திருந்தேன். ஆனால் சரக்கு கிடந்தது. பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஸ்கீமில் எடுத்த சரக்கு.

லாரி ஓட்டுநர் ஒருவர் வாடிக்கையாக வருவார். பீடியை அணைத்துவிட்டுத்தான் படியேறுவார். "இதத் தின்னா, பீடி குடிச்சாலும் ஒண்ணும் செய்யாதுல்லா அண்ணாச்சி?" என்று கேட்டார். "ஒரு பாதுகாப்புதான்" என்றேன். ஸ்ட்ரிப்பை எண்ணிக் கவரில் போட்டேன். டாக்டரிடம் கேட்பதுபோல என்னிடம் கேட்கிறாரே என்று உள்ளுக்குள் கர்வம் வேறு.

சில வருடங்களில் அவருக்கு நுரையீரலில் புற்றுநோய். கேப்சூலால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அத்தனை வருடப் பீடியே போதும். இந்த நியாயத்துக்குப் பின்னால் வெகுநாள் ஒளிந்திருந்தேன். ஆனால் பீடியைப் பற்றி அவருக்கு இருந்த பயத்தைப் போக்கியவன் நான். அதற்குக் காசும் வாங்கினேன்.

அவர் போன பிறகு, கடன் பாக்கியைக் கட்ட அவர் மனைவி வந்தார். "மாத்திரைய ஒருநாகூட விடலியே அண்ணாச்சி, பெறவு ஏன் வந்துச்சு?" பதில் எனக்குத் தெரியும். சொன்னால் ஊரில் பேர் கெட்டுவிடும் என்று பயந்தேன். "விதிம்மா" என்றேன். பாக்கியையும் எண்ணி வாங்கினேன்.

கீரையிலும் கேரட்டிலும் குற்றமில்லை, தாராளமாகச் சாப்பிடலாம். புகைபிடிப்பவர் விடவேண்டியது புகையை; தொடக்கூடாதது பீட்டா கரோட்டின் மாத்திரையை. இதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். அவரிடம் சொல்லவில்லை. விதி என்று நான் சொன்னது பொய் என்பதை அந்த அம்மாவிடமும் இன்றுவரை போய்ச் சொல்லவில்லை.