முட்டுக் கொடுத்து நிற்கும் மும்பை

மும்பைக்குப் போகிறவர்கள் வழக்கமாகப் பார்ப்பது கேட்வே ஆஃப் இந்தியா, மெரின் டிரைவ், நேரம் இருந்தால் ஷாருக்கான் வீட்டு கேட். (வீட்டை அல்ல, கேட்டை மட்டும்.) இந்த லிஸ்ட்டில் வராத ஒரு கட்டடத்தை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். காலா கோடாவில், ஜஹாங்கீர் ஆர்ட் காலரிக்குக் கிட்டத்தில் இருக்கிறது. பெயர், எஸ்பிளனேட் மேன்ஷன்.

ஒரு காலத்தில் இதுதான் பிரசித்தி பெற்ற வாட்ஸன் ஹோட்டல். 1860-களில், இரும்புத் தூண்களையும் உத்திரங்களையும் இங்கிலாந்தில் வார்த்து, கப்பலில் கொண்டுவந்து, இங்கே பூட்டி எழுப்பினார்கள். 1896 ஜூலை 7-ம் தேதி லூமியர் சகோதரர்களின் சினிமா இந்தியாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது இந்த ஹோட்டலில்தான். இன்றைக்கு நாம் முதல் நாள் முதல் ஷோவுக்குச் சட்டையைக் கிழித்துக்கொள்கிறோமே, அதற்கெல்லாம் பிள்ளையார் சுழி! அதே வருடம் இங்கே தங்கிய மார்க் ட்வைன், பால்கனிக்கு வந்து வம்பளந்த காக்காய்களைப் பற்றி ரசித்து எழுதியிருக்கிறார்.

பிறகு ஹோட்டல் போய், வக்கீல் ஆபீஸ்களும் கடைகளுமாகக் கட்டடத்தைக் கூறு போட்டார்கள். 2005-ல் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்து ஒருவர் இறந்துபோனார். 2019-ல் ஐகோர்ட் உத்தரவுப்படி எல்லோரும் காலி செய்தார்கள்.

இத்தனை பெருமை உள்ள கட்டடத்துக்கு ஏன் இந்தக் கதி? ஓனர் இல்லையா? இருந்தார். வாடகைக்காரர்கள்? நிறையவே இருந்தார்கள். அரசாங்கம்? அதுவும் இருந்தது. மூன்று பேர் இருந்தும் முதுகு ஒடிந்துவிட்டது.

காரணம் தெரிய வேண்டுமென்றால் அங்கிருந்து வடக்கே, கல்பாதேவி, கிர்காவ் பக்கம் நடக்க வேண்டும். மர மாடிப்படி, நீளமான பொது வராந்தா, வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், கோடியில் பொதுக் கக்கூஸ். இதற்குப் பெயர் 'சால்'. நிறைய சால்களுக்கு வெளியே இரும்புக் குழாயால் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த முட்டில் கொடி கட்டித் துணியும் காய்கிறது!

ஒரு சால் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரை, "காகா!" என்று கூப்பிட்டேன். (மராத்தியில் சித்தப்பா. மார்க் ட்வைனின் பறவை அல்ல.) 'இன்று போய் நாளை வா' படத்து லெவல் இந்தியில், வாடகை எவ்வளவு என்று விசாரித்தேன்.

"இருநூறு ரூபாய்" என்றார்.

"ஒரு நாளைக்கா?"

காகா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாசத்துக்கு."

ரெண்டாவது உலகப் போர் காலத்து வாடகையை அப்படியே உறைய வைத்த சட்டத்தின் மகிமை இது. 1947-ல் வந்த பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் 1-ம் தேதி என்ன வாடகையோ அதுதான் வாடகை என்றது. யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், வாடகை மட்டும் நகரவில்லை. இந்த உறைநிலை இனியும் நியாயமில்லை என்று 1997-ல் சுப்ரீம் கோர்ட்டே சொன்னது. அதன் பிறகு வந்த 1999-ம் வருடச் சட்டம், வருடத்துக்கு 4 சதவீதம் ஏற்றிக்கொள்ளலாம் என்றது. இருநூறு ரூபாய்க்கு நாலு சதவீதம் எட்டு ரூபாய். மும்பையில் ஒரு கட்டிங் சாய்க்குக்கூடக் காணாது.

பி.காம். படித்தவன் கண்ணோடு இந்தக் கணக்கைப் பாருங்கள். வரவு இருநூறு. ஒழுகும் கூரையை மாற்ற லட்சங்கள். எந்த ஓனர் கை வைப்பார்? வாடகைக்காரரோ 'பகடி' என்று ஒரு பெருந்தொகையை முன்னாலேயே கொடுத்து, பாதி ஓனர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். இடத்தை இன்னொருவருக்குக் கைமாற்றும்போதுதான் ஓனருக்கு அதில் ஒரு பங்கு கிடைக்கும். ஆக, கட்டடத்துக்கு ரெண்டு அரை ஓனர்கள். முழு ஓனர் யாருமில்லை.

கட்டடங்கள் விழ ஆரம்பித்ததும் அரசாங்கம் 1969-ல் ஒரு சட்டம் போட்டது. பழைய கட்டடங்களுக்கு 'செஸ்' என்று ஒரு தனி வரி, அந்தப் பணத்தில் ஒரு வாரியம் ரிப்பேர் பார்க்கும். இந்தக் கணக்கில் வந்த கட்டடங்கள் 19,642! நல்ல எண்ணம்தான். ஆனால் விளைவு? "ரிப்பேரா? வாரியத்தைக் கேளுங்க" என்று ஓனர் கை கழுவிவிட்டார். வாரியத்துக்கோ இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று ஓர் உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் மிச்சத்தைக் குடியிருப்பவர்கள் போட வேண்டும், இல்லை கட்டடத்தை இடிக்க வேண்டும். காலி செய்தவர்களுக்கு 'டிரான்சிட் கேம்ப்' என்ற தற்காலிக வீடு. அந்தத் தற்காலிகத்தில் பிள்ளை பெற்று, பேரன் எடுத்தவர்களும் உண்டு. அந்தப் பயத்தில்தான் பலர் விரிசல் விட்ட சுவரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

கிர்காவிலிருந்து பேண்டி பஜாருக்குப் போனால் இந்தக் கதையின் பயங்கரம் புரியும். 2017 ஆகஸ்ட் 31 காலையில் இங்கே ஹுஸைனி பில்டிங் விழுந்தது. 33 பேர் இறந்தார்கள். மறுகட்டுமானத்துக்கு அனுமதி வாங்கி வருடங்கள் ஆகியிருந்தன. சில குடும்பங்கள் காலி செய்தன, சில செய்யவில்லை. பக்கத்து டோங்ரியில் 2019 ஜூலையில் இன்னொன்று. மழைக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் மிக ஆபத்தான கட்டடங்கள் என்று ஒரு பட்டியல் போடுகிறார்கள். பட்டியலில் இருப்பது மட்டும்தான் விழும் என்று மழைக்கு யார் சொல்வது?

சட்டத்தில் பல் இல்லாமல் இல்லை. 30 வருடம் தாண்டிய கட்டடத்துக்கு என்ஜினீயர் சர்ட்டிபிகேட் வேண்டும். விழும் நிலையில் இருந்தால் மாநகராட்சி 354-ம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்து இடிக்கச் சொல்லும். 2020-ல் சட்டசபையில் நிறைவேறி, 2022-ல் ஜனாதிபதி ஒப்புதல் பெற்ற 79-ஏ பிரிவு இன்னும் கறார்: ஆபத்தான கட்டடத்தின் ஓனர் 6 மாசத்துக்குள் புதிதாகக் கட்டத் திட்டம் தர வேண்டும். தராவிட்டால் வாடகைதாரர்கள் சங்கத்துக்கு 6 மாசம். அவர்களும் தராவிட்டால் இடத்தை வாரியமே எடுத்துக்கொள்ளும்.

சபாஷ் போட வாயெடுத்தால், 2025-ல் பம்பாய் ஐகோர்ட் குறுக்கே கை நீட்டியது. கட்டடம் ஆபத்தானது என்று முறைப்படி முடிவு செய்யாமலே ஓனர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது தப்பு என்று கண்டித்தது. நியாயம்தான். நல்லாயிருக்கும் கட்டடத்தையும் 'ஆபத்து' என்று சொல்லி, அந்தத் தங்கமான நிலத்தை அமுக்க மும்பையில் ஆளா இல்லை?

ஓனரைத் தட்டிக் கேட்பது தப்பே இல்லை. ஆனால் மும்பை முதலில் அவருடைய வரும்படியைப் பிடுங்கியது. அப்புறம் பொறுப்பையும் பிடுங்கி வாரியத்திடம் கொடுத்தது. ரெண்டும் இல்லாத மனுஷனிடம் அரை நூற்றாண்டு கழித்து, "ஏன் ஸார் கவனிக்கலை?" என்று கேட்கிறது. ரிப்பேருக்குக் கட்டுபடியாகும் வாடகையும், ரிப்பேர் செய்யாவிட்டால் விழும் அடியும் சேர்ந்தே வர வேண்டும். ஒன்றை விட்டு ஒன்று வந்தால் இரும்புக் குழாய் வியாபாரிக்குத்தான் லாபம்.

காகாவிடம் கடைசியாக, "பயமாக இல்லையா?" என்று கேட்டேன். "ஆறு மாசம் டயம் கொடுத்திருக்காங்களே" என்று சிரித்தார்.

ஓனருக்கு ஆறு மாசம், சங்கத்துக்கு ஆறு மாசம். ஜூன் மாத மழைக்கு அந்தச் சட்டம் தெரியாது.