ஆடி மாதத்து ஹார்ட் டிஸ்க்

திங்கள்

ஆடி பிறந்துவிட்டால் ஸ்டுடியோவில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆவணி முகூர்த்தம் வரை கேமராவுக்கு ஓய்வு. பழைய டிஸ்க்குகளை ஒழுங்குபடுத்த இதைவிட்டால் நேரம் கிடைக்காது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பையன் பழைய கம்ப்யூட்டரில் உபுண்டு என்னும் லினக்ஸைப் போட்டுவிட்டு, "மவுச விட்ருங்க அண்ணாச்சி, டெர்மினல்ல போய்ப் பாப்போம்" என்றான்.

காரணம் உண்டு. ஒரு கல்யாணத்து ஃபோல்டரை மவுஸால் திறந்தால், ஒவ்வொரு படத்துக்கும் குட்டிப்படம் தயாராகும்வரை திரை வெளுத்துப்போய் நிற்கிறது. டெர்மினலில் எல்எஸ் என்று அடித்து என்டர் தட்டினால் பெயர்கள் மட்டும் கடகடவென்று கொட்டுகின்றன. படமே தெரியாமல் என்ன வேலை என்று கேட்கலாம். எனக்கு அதுதான் வசதி. மாப்பிள்ளை முகம் கண்ணில் பட்டால் அந்தக் கல்யாணத்துச் சாப்பாடு வரை ஞாபகம் போய்விடும், வேலை நகராது.

நிற்கும் இடத்தின் முழு விலாசத்தைச் சொல்வது பிடபிள்யூடி. வேறு ஃபோல்டருக்குப் போக சிடி. ஒரு படி மேலே ஏற சிடிக்குப் பின் இடைவெளி விட்டு இரண்டு புள்ளி. பெயரை முழுதாக அடிக்க வேண்டாம், முதல் சில எழுத்துக்குப் பிறகு டேப் விசையைத் தட்டினால் மீதியை அதுவே நிரப்பிக்கொள்கிறது. இன்றைக்கு இவ்வளவு போதும்.

செவ்வாய்

கமாண்டுகள் ஏன் இப்படி இரண்டெழுத்து, மூன்றெழுத்தாக இருக்கின்றன என்று தேடிப் படித்தேன். 1969-இல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸைத் தொடங்கியபோது அவர்கள் முன்னால் திரை கிடையாது. டெலிடைப் என்னும் தட்டச்சு இயந்திரம், காகிதத்தில் விநாடிக்குப் 10 எழுத்து வேகத்தில் அச்சடிக்கும். விசைகளை அழுத்தி அழுத்தி விரல் வலிக்கும். நீளமாக அடிக்கவும் பொறுமை இல்லை, நீளமான பதிலுக்குக் காத்திருக்கவும் பொறுமை இல்லை. அதனால்தான் வேலை முடிந்தால் டெர்மினல் "முடிந்தது" என்றுகூடச் சொல்வதில்லை. கோளாறு இருந்தால் மட்டும் வாயைத் திறக்கும். இந்தக் குணம் எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் தொழிலில் அப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை.

புதன்

இன்று எம்வி. ஃபைலை இடம் மாற்றவும் இதுதான், பெயர் மாற்றவும் இதுதான். இரண்டு வேலைக்கு ஏன் ஒரே கமாண்ட் என்று பையனைக் கேட்டேன். எல்எஸ்ஸுக்குப் பின் ஹைஃபனும் ஐயும் சேர்த்து அடித்துக் காட்டினான். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் நீளமாக ஒரு எண் வந்தது. அப்போதுதான் விளங்கியது. ஃபோல்டர் என்பது மொய் நோட்டு மாதிரி: ஒரு பக்கம் பெயர், எதிரே எண். படம் இருப்பது டிஸ்க்கில் வேறெங்கோ, அந்த எண்ணின் பொறுப்பில். பெயர் படத்துக்குள் இல்லவே இல்லை. எம்வி செய்வதெல்லாம் நோட்டில் ஒரு வரியை அடித்துவிட்டு இன்னொரு வரி எழுதுவது.

சோதித்துப் பார்த்தோம். 60 ஜிபி உள்ள கல்யாண ஃபோல்டர் ஒன்றை அதே டிஸ்க்கில் வேறு இடத்துக்கு மாற்றினோம். என்டரிலிருந்து விரலை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. அதையே வெளி டிஸ்க்குக்கு அனுப்பியபோது டீ குடித்துவிட்டு வந்தும் ஓடிக்கொண்டிருந்தது, ஏனென்றால் அங்கே உண்மையாகவே நகல் எடுத்து, பிறகு பழையதை அழிக்க வேண்டும்.

இதிலிருந்து இன்னொரு லாபமும் வந்தது. ஆல்பத்துக்குத் தேர்வு செய்த படங்களைத் தனி ஃபோல்டரில் போட இதுவரை நகல் எடுத்து வந்தோம், டிஸ்க் நிறைந்ததுதான் மிச்சம். எல்என் என்ற கமாண்ட் அதே படத்துக்கு இரண்டாவது பெயரை எழுதிவிடுகிறது. இடம் கூடுவதில்லை. ஒரே டிஸ்க்குக்குள் இருக்க வேண்டும் என்பது ஒன்று; ஒரே படம்தான் என்பதால் அதன்மேலேயே திருத்திச் சேமித்தால் இரண்டு பெயரிலும் திருத்தம் தெரியும் என்பது இன்னொன்று. திருத்தும் படத்தை மட்டும் சிபி போட்டு நகல் எடுத்துக்கொள்ள முடிவு செய்தோம்.

வியாழன்

நட்சத்திரக் குறி. "*.ஜேபிஜி" என்றால் அந்த வால் உள்ள எல்லாப் படங்களும். ஒரு ஃபோல்டர் நிறைய ஜேபிஜி இருந்தும் எதுவுமே இல்லை என்று டெர்மினல் சாதித்தது. பார்த்தால், கேமரா அந்த மூன்று எழுத்தையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது, நாங்கள் சின்ன எழுத்தில் கேட்டிருக்கிறோம். லினக்ஸுக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்.

பையன் சொன்ன ஒன்றைச் சுவரில் எழுதி ஒட்டலாம்: "மொதல்ல எல்எஸ் போட்டு என்னென்ன சிக்குதுன்னு பாருங்க. சரியா இருந்தா மேல் அம்புக்குறிய அமுக்கி, எல்எஸ்ஸ எம்வியா மாத்தி, போற எடத்தயும் சேத்துக்கோங்க."

நிக்கான் கேமரா 9999 வரை எண்ணிவிட்டு மறுபடியும் 0001-க்கு வந்துவிடும். போதாததற்கு ஒரே கல்யாணத்துக்கு இரண்டு கேமரா. டிஎஸ்சி_0412 என்ற பெயரில் பெண் வீட்டார் குரூப் போட்டோ ஒன்றும் தாலி கட்டும் படம் ஒன்றும் இருக்க முடியும். இரண்டையும் ஒரே ஃபோல்டருக்கு எம்வி செய்தால் பின்னால் போனது முன்னால் போனதை அழித்துவிடும், சத்தமே இல்லாமல். முந்தாநாள் நான் மெச்சிய அதே மௌனம். எம்விக்குப் பின் ஹைஃபன் ஐ சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் கேட்கும். ஹைஃபன் என் சேர்த்தால் மேலெழுதவே எழுதாது. கேமராவுக்கு ஒரு ஃபோல்டர் என்று எம்கேடிர் போட்டுப் பிரித்தபிறகுதான் மேற்கொண்டு கை வைத்தோம்.

வெள்ளி

ஆர்எம். ஃபைலை அழிக்கும் கமாண்ட். இங்கே குப்பைத்தொட்டி கிடையாது. பெயர் நோட்டிலிருந்து போகும். அந்தப் படத்துக்கு வேறு பெயர் எதுவும் மிச்சமில்லை என்றால் இடமும் போகும். 1998-இல் பிக்சார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி 2 படத்தின் ஃபைல்கள் தவறான இடத்தில் கொடுத்த இந்தக் கமாண்டால் மளமளவென்று மறைந்திருக்கின்றன. பேக்கப்பும் உதவவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்பவரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்ததால்தான் படம் தப்பியது. கதையைக் கேட்டுவிட்டுப் பையன் நட்சத்திரக் குறியிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். நல்லது.

சனி

பெயர் வைக்கும் நாள். "நியூ ஃபோல்டர்" வகையறா எல்லாம் மாறியது. வருஷம், மாதம், தேதி, பிறகு ஊர்: 2023-11-05_கோவில்பட்டி. எல்எஸ் அடித்தால் தேதி வரிசையிலேயே நிற்கிறது. 2023 கல்யாணங்கள் மட்டும் வேண்டுமானால் 2023* போதும். இடைவெளி விடாமல் கீழ்க்கோடு போட்டதற்குக் காரணம், இடைவெளி இருந்தால் டெர்மினல் அதை இரண்டு பெயராக எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் மேற்கோள் குறி போட வேண்டும்.

தமிழில் பெயர் வைக்கலாமா என்று தயங்கினேன். தாராளமாக வைக்கலாம். பெயருக்குள் சாய்கோடு மட்டும் கூடாது, மற்றபடி எந்த மொழியானாலும் லினக்ஸுக்குக் கவலையில்லை. அதற்கு வழி செய்த, எல்லா மொழி எழுத்தையும் பைட்டுகளாகப் பதியும் யூடிஎஃப்-8 முறையை 1992-இல் நியூ ஜெர்சி உணவகம் ஒன்றில், சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் எழுதி வடிவமைத்தவர்கள் ராப் பைக்கும் அதே கென் தாம்சனும். இந்த முறையில் தமிழுக்கு இடம் கொஞ்சம் அதிகம் பிடிக்கும்: உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும்கூடத் தனித்தனியாக மூன்று பைட். ஒரு பெயருக்கு உச்சவரம்பு 255 பைட் என்பதால், இரு வீட்டார் பெயரையும் படிப்போடு எழுதும் பத்திரிகை வழக்கத்தை இங்கே கொண்டுவர முடியாது.

இரவு எல்லாவற்றையும் இரண்டாவது டிஸ்க்குக்கு நகல் எடுக்க வைத்திருக்கிறோம். சிபிக்குப் பின் ஹைஃபன் ஏ. அது இல்லாவிட்டால் எல்லா ஃபைலுக்கும் இன்றைய தேதி விழுந்துவிடும். காலையில் டிஃப் ஹைஃபன் ஆர் கொடுத்து இரண்டு டிஸ்க்கையும் ஒப்பிட வேண்டும். அது ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் இரண்டும் ஒன்றே. அதுவரை பழைய டிஸ்க்கில் யாரும் ஆர்எம் அடிக்கக் கூடாது என்று பையனிடம் சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அந்த டிஸ்க்கின் வயரையும் கழற்றி வைக்கச் சொல்லப் போனேன். "நகல் அதுல இருந்துதான ஓடுது அண்ணாச்சி" என்றான்.