இரண்டாவது பாட்டரி

என்னிடம் இருப்பது மின்சார சைக்கிள். இதைச் சொன்னதும் சில நண்பர்கள் ஒரு மாதிரி புன்னகை செய்கிறார்கள். மோட்டார் சைக்கிள் வாங்க வக்கில்லாதவன், சாதா சைக்கிளை மிதிக்கவும் சோம்பல்படுகிறவன் என்று அதற்குப் பொருள். இரண்டும் உண்மைதான். மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் பதிவும் வேண்டாம், லைசென்சும் வேண்டாம் என்று சட்டம் இருக்கிறது. நாற்பத்தாறு வயது வரை லைசென்சு எடுக்காமலே காலம் தள்ளிவிட்ட எனக்காகவே யாரோ உட்கார்ந்து எழுதின சட்டம் அது.

என் ஜாகை தஞ்சாவூரில். அம்மா திருவையாற்றில் தனியாக இருக்கிறாள். அப்பா கட்டிய வீட்டை விட்டு வரமாட்டாள். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். போக 12, 13 கிலோமீட்டர், வர அவ்வளவே. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவேரி என்று பாலம் பாலமாகத் தாண்டிப் போகிற சாலை. சைக்கிள் புதிதாக இருந்தபோது போய்த் திரும்பி, மார்க்கெட்டுக்கும் போய்விட்டு வரலாம். மூன்றாம் வருஷம் பாட்டரிக்கு மூப்பு வந்துவிட்டது. திரும்பும்போது குடமுருட்டிப் பாலத்துக்கு வருமுன்பே மூச்சு வாங்கும். மின்சாரம் தீர்ந்த மின்சார சைக்கிளை மிதிப்பது, கோபித்துக் கொண்டு உட்கார்ந்துவிட்ட மாட்டை ஓட்டுகிற மாதிரி.

ஆகவே சார்ஜரைத் தூக்கிக்கொண்டு போய் அம்மா வீட்டில் சொருக ஆரம்பித்தேன். அது 2 ஆம்பியர் சார்ஜர். அவசரம் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. வீடு வந்து சேருகிற அளவுக்கு ஏற இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதுவரை அரை மணியில் எழுந்து வந்துகொண்டிருந்தவன், சார்ஜரின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. "இன்னும் பச்சை வரலியே, ரெண்டு தோசை வார்க்கட்டுமா?" என்பாள் அம்மா. எனக்கோ பத்திரிகைக்கு எழுத வேண்டிய அத்தியாயம் நெஞ்சில் முள்ளாக இருக்கும்.

இன்னொரு பாட்டரி இருந்தால் இந்தக் காத்திருப்பு தீரும் என்று பட்டது. கடையில் விசாரித்தேன். சைக்கிள் விலையில் மூன்றில் ஒரு பங்கு சொன்னார்கள். நாமே செய்தால் என்ன என்ற விபரீத யோசனை அப்போதுதான் உதித்தது. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. சேர்ந்து, இரண்டாம் வருஷத்தோடு கல்லூரியை விட்டவன் நான். விட்ட பாடத்தை முடித்துக் காட்ட வேண்டுமென்ற ஆசை இருபத்தைந்து வருஷமாக உள்ளே கிடந்தது போலும்.

பாட்டரியின் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். டார்ச் லைட்டுக்குப் போடுகிற செல் மாதிரி சின்னச் சின்ன உருளைகள். 18650 என்று பெயர்: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். ஒன்று சுமார் 3.6 வோல்ட் தரும். பத்தை வரிசையாகக் கோத்தால் 36 வோல்ட். முழுக்க ஏறினால் ஒன்றுக்கு 4.2, பத்துக்கு 42. பழைய லாப்டாப் பாட்டரிகளுக்குள்ளும் பெரும்பாலும் இதே உருளைகள்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் செத்துப்போனதாக ஒதுக்கிய பன்னிரண்டை அள்ளிக்கொண்டு வந்தேன். ஒன்றில் ஆறு, மொத்தம் 72 உருளைகள். ரோஜா நிறம், பச்சை, நீலம் என்று சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் பரப்பிக் கிடந்தன. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பையன் ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான்.

இந்த வகை பாட்டரியை ஸோனி கம்பெனி 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அஸ்திவாரம் போட்ட மூவருக்கு 2019இல் நோபல் பரிசு. அதில் ஜான் குட்இனஃப் என்பவருக்கு அப்போது 97 வயது. அம்மாவிடம் சொன்னேன். "அவருக்கு முட்டி வலி உண்டாமா?" என்று கேட்டாள்.

லாப்டாப் உருளை உட்கார்ந்து வேலை பார்க்கும் குமாஸ்தா. சைக்கிள் கேட்பது மூட்டை தூக்குகிற வேலை. மேட்டில் ஏறும்போது ஒரே சமயத்தில் பத்துப் பதினைந்து ஆம்பியர் இழுக்கும். அதை ஒருவன் தலையில் கட்டினால் தாங்கமாட்டான். ஆகவே மும்மூன்றாகப் பக்கத்தில் சேர்த்துக் குழுவாக்கி, அப்படிப் பத்துக் குழு. 30 உருளைகள் தேவை. ஒவ்வொன்றையும் முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கி, எவ்வளவு தாங்குகிறது என்று கணக்கெடுக்க மூன்று வாரம் ஆயிற்று. 2.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்து கிடப்பதைத் தொடக்கூடாது என்பது விதி. அந்த விதிப்படி தேறியவை 29.

ஒன்று குறைந்தது. ஒரே ஒன்றுக்காக இன்னொரு பழைய பாட்டரி வாங்குவதா? 41ஆம் நம்பர் 1.9 வோல்ட்டில் இருந்தது. மெதுவாக ஏற்றிப் பார்த்தேன், சமர்த்தாக 4.2 வந்து நின்றது. பையன் நோட்டைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது ஃபெயில்" என்றான். "பிழைச்சுக்கிச்சுடா" என்றேன்.

உருளையில் சூட்டுக்கோல் வைத்துப் பற்றவைத்தால் உள்ளே வெந்துவிடும். நிக்கல் பட்டையை வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்ய வேண்டும். மின்சார ஆட்டோக்களுக்குப் பாட்டரி பழுது பார்க்கும் ஒருவர் செய்து கொடுத்தார். எங்கிருந்து வந்த உருளைகள் என்று கேட்டுவிட்டு, "பார்த்து வெச்சுக்குங்க சார்" என்றார். அதை வெறும் மரியாதை வார்த்தையாக எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு குழுவையும் கண்காணித்து, மீறினால் இணைப்பைத் துண்டித்துவிடும் பி.எம்.எஸ். பலகையும் மாட்டியாயிற்று. பழைய பாட்டரி தீர்ந்ததும் அதைக் கழற்றிவிட்டு இதை மாட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்து மாட்டக்கூடாது. நிறைந்ததிலிருந்து காலியானதற்கு வெள்ளம் மாதிரி பாயும். முதல் நாள் இரண்டாவது பாட்டரியோடு குடமுருட்டியைத் தாண்டியபோது எனக்கிருந்த கர்வத்தை, முதல் நாவல் அச்சானபோதுகூட அனுபவித்ததில்லை. அன்று அம்மாவோடு இருந்தது இருபத்தைந்து நிமிஷம்.

பத்து நாள் கழித்து, ராத்திரி பதினொரு மணி இருக்கும். சும்மா இருக்கட்டுமென்று குழு குழுவாக வோல்ட் அளந்தேன். ஒன்பது குழுக்கள் 4.1 காட்டின. எட்டாவது 3.7. யாரும் உபயோகிக்காமல் தானாக இறங்கியிருக்கிறது! தொட்டுப் பார்த்தேன். மற்ற இடம் ஜில்லென்று இருக்க, அங்கே மட்டும் குழந்தைக்கு ஜுரம் வந்த மாதிரி கதகதப்பு. அந்தக் குழுவில்தான் 41ஆம் நம்பர்.

காரணத்தைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். வெகுநாள் வற்றிக் கிடந்த உருளையில் தாமிரத் தகடு கரைந்துவிடும். திரும்ப ஏற்றும்போது அந்தத் தாமிரம் கண்ட இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஒரு குறுக்கு வழி உண்டாக்கும். பக்கத்திலிருக்கும் இரண்டும் தங்கள் சக்தியை அதற்குள் கொட்டிக்கொண்டே இருக்கும். சூடு ஒரு எல்லையைத் தாண்டினால் தீதான். பி.எம்.எஸ். வெளியே போகிற மின்சாரத்தைத் தடுக்குமே தவிர உருளையின் வயிற்றுக்குள் என்ன செய்யும்?

அந்தப் பாட்டரியை நான் வைத்திருந்த இடம் பையனுடைய கட்டிலுக்கு அடியில்.

மொட்டை மாடிக்கு எடுத்துக்கொண்டு போய், மணல் நிரப்பிய பழைய தொட்டியில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். என் மனைவி எழுந்து வந்தாள். சொன்னேன். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். "அவன் அன்னிக்கே ஃபெயில்னு சொன்னானே, நீங்க கேக்கலியா?" என்றாள். பிறகு அவளும் உட்கார்ந்துவிட்டாள். விடியும் வரை ஒன்றும் ஆகவில்லை. காலையில் பையன் வந்து, நோட்டில் 41க்கு நேரே நான் போட்டிருந்த சரிக்குறியை அடித்துவிட்டு என் கையில் கொடுத்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை.

பழசு அத்தனையையும் பாட்டரிகளைத் திரும்ப எடுக்கிறவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, புது உருளைகள் முப்பது, ஒரே வகையில், ஒரே கடையில் வாங்கினேன். வெல்டிங் செய்தவர் பழைய பட்டையைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தார், நல்ல மனுஷர். மொத்தச் செலவைக் கூட்டினால் கடைக்காரன் சொன்ன விலைக்கு மேலேயே போய்விட்டது. அதை இது வரை வீட்டில் சொல்லவில்லை. இப்போது அச்சில் வந்துவிட்டது.

புதியதை எடுத்துக்கொண்டு திருவையாற்றுக்குப் போனேன். பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அம்மா தூக்கிப் பார்த்து, கனம் சரிதான் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

"அப்ப இனிமே இங்க சார்ஜ் போட வேண்டாமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சுவரில், சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஆணி அடித்திருந்தது. சார்ஜரின் ஒயர் கீழே கிடந்து யார் காலிலாவது தடுக்கிவிடக்கூடாதென்று, தச்சனைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னாளாம். எப்போது என்று கேட்டேன். போன மாசமே என்றாள். போன மாசம் பூராவும் நான் இருபத்தைந்து நிமிஷத்தில் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

சார்ஜர் இப்போது அந்த ஆணியில் தொங்குகிறது. இரண்டாவது பாட்டரி பைக்குள் நிறைந்தபடியே இருக்க, போனதும் முதல் பாட்டரியைக் கழற்றிச் சொருகிவிடுகிறேன். அத்தியாயத்தை அங்கேயே எழுதப் பார்க்கிறேன். அம்மா பேசிக்கொண்டே இருப்பதால் பாதிப் பக்கம்கூட நகருவதில்லை. சிவப்பு விளக்கை நான் கவனிப்பதில்லை. "பச்சை வந்துடுச்சு" என்று அவள்தான் சொல்கிறாள், அதுவும் வந்து கொஞ்ச நேரம் கழித்து.