கடிபட்டவர்களைக் கைவிடலாமா?

பிள்ளைகளின் கார்ட்டூன் படங்களிலும் சில நேரம் பெரியவர்களுக்கு ஒரு பாடம் கிடைத்துவிடுகிறது. 2005இல் வெளிவந்த 'த பேட்மேன் வெர்சஸ் டிராகுலா' அப்படியொரு படம். என் மகன்மார் அதைத் திரும்பத் திரும்பப் போட்டதில் நானும் கூட இருந்து பார்த்தேன்.

புதையல் தேடி மயானத்துக்குப் போகும் பென்குயின் என்ற திருடன், அங்கே கிடந்த டிராகுலாவை அறியாமலே எழுப்பிவிடுகிறான். டிராகுலா இரவில் ஆட்களைக் கடிக்கிறான். கடிபட்டவர்களும் இரத்தக் காட்டேரிகளாகிறார்கள். ஆட்கள் காணாமல் போகப் போக, ஊர் பேட்மேனைச் சந்தேகிக்கிறது. வௌவால் உடுப்பும் இரவு நடமாட்டமும் அதற்குப் போதுமாக இருந்தன.

எனக்கு 2011 ஓகஸ்ட் நினைவுக்கு வந்தது. அது நோன்பு மாதம். 'கிறீஸ் பூதம்', 'மர்ம மனிதன்' என்று நாடெங்கும் ஒரே பேச்சு. உடம்பில் கிறீஸ் பூசியவர்கள் வீடு புகுந்து பெண்களைக் கீறுகிறார்கள் என்றார்கள். பொத்துவில், காத்தான்குடி, கிண்ணியா, புத்தளம் என்று பல ஊர்களில் மக்களுக்கும் படையினருக்கும் மோதல் வந்தது. புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் உயிரிழந்தார். அறிமுகமில்லாத முகமென்றால், பிச்சைக்காரர்களும் சித்தம் கலங்கியவர்களும்கூடச் சந்தேகத்துக்குத் தப்பவில்லை.

அந்த நாட்களின் பாரத்தைச் சுமந்தவர்கள் பெண்கள்தான். தராவீஹ் தொழுகைக்குப் போவது நின்றது. சஹருக்கு எழும்பி அடுப்படிக்குப் போகவும் பயம். யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் கணவனை இழந்தவர்களின் வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். நாலைந்து பெண்கள் ஒரே வீட்டில் பாய் விரித்து, முறைவைத்து விழித்திருந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் கையில் கீறலோடு நின்ற ஒரு சகோதரியிடம், "உண்மையாகவே வந்தானா, கனவு கண்டாயா?" என்று கேட்டவர்களே அதிகம். கீறலைவிட அந்தக் கேள்விதான் அவவுக்கு நொந்தது.

படத்தில் என் மனதைத் தொட்ட இடம் இதுதான். காட்டேரிக் கதைகளில் கடிபட்டவர்களின் நெஞ்சில் பெரும்பாலும் கட்டையை இறக்கிவிடுவார்கள். பேட்மேன் அப்படிச் செய்யவில்லை. அவர்கள் விரும்பிக் காட்டேரி ஆனவர்களல்லர் என்று மருந்து தேடுகிறான். தன் பரம எதிரியான ஜோக்கரும் கடிபட்டிருக்க, முதலில் அவனைத்தான் குணப்படுத்துகிறான். பிறகு மற்றவர்களையும் மீட்கிறான். கடைசியில் டிராகுலாவை அழிப்பது, சேமித்து வைத்திருந்த சூரிய ஒளி.

சகோதரிகளே, பயமும் ஒரு கடிதான். யுத்தம் கடித்தவர்கள் தமிழ்க் கிராமத்திலும் இருக்கிறார்கள், முஸ்லிம் கிராமத்திலும் இருக்கிறார்கள். மஃரிபுக்கு முன்பே கதவைப் பூட்டுகிறவள், நாய் குரைத்தால் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு நடுங்குகிறவள், காரணமில்லாமல் எரிந்து விழுகிறவள். "பேய் பிடித்தவள்", "விசர்" என்று அவர்களுக்குப் பெயர் வைப்பது நெஞ்சில் கட்டை இறக்குவதைப் போன்றது.

மருந்து நம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அவள் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். இரவில் துணைக்குப் போய்ப் படுங்கள். உறக்கமும் சாப்பாடும் குறைந்தால் அரச ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருட்டில் வளர்ந்த பயத்தைப் பகல் வெளிச்சத்தில் நாலு பேர் கூடியிருந்து பேசினால், அது மெல்ல மெல்லக் கரையும்.