பாறையும் வயது சொல்லும்

"இந்நூலின் காலம் என்ன?" என்பது இலக்கிய வரலாறு கற்பிப்போர் அன்றாடம் எதிர்கொள்ளும் வினா. மாணவர் எதிர்பார்ப்பது தேர்வுத்தாளில் எழுதத்தக்க ஒற்றை எண். நாமோ மொழிநடை, மேற்கோள், கல்வெட்டு எனச் சான்றுகளை அடுக்கி, ஒரு நூற்றாண்டு முன்பின்னாகவே விடை பகர்கிறோம். இத்தொழிலில் உழல்வோர்க்கு, செவ்வாய்க்கோளின் பாறைக்கு ஓர் இயந்திரம் வயது கணித்த செய்தி தம் துறைச் செய்தியாகவே தோன்றும். எனக்கும் அவ்வாறே தோன்றியது.

எங்கள் உம்மம்மாவிடம் வயதைக் கேட்டால் எண் வராது. "தனுஷ்கோடிப் புயலின்போது உன் உம்மா கைக்குழந்தை" என்பார். புயல் வீசியது 1964இல் என்று அறிந்தவர்க்கே அவ்விடை கணக்காகும். கோள்களின் காலக்கணிப்பும் நெடுங்காலம் இவ்வாறே இருந்தது. விண்கற்கள் மோதிய பள்ளங்கள் மிகுந்த நிலம் பழையது. குறைந்த நிலம் புதியது. 1969 முதல் 1972 வரை அப்பல்லோ வீரர்கள் கொணர்ந்த நிலவுக்கற்களை ஆய்வகங்களில் அளந்த பின்னரே, இத்தனை பள்ளத்திற்கு இத்தனை ஆண்டு என்னும் கணக்கு நிலவுக்கு வாய்த்தது. அக்கணக்கையே திருத்திச் செவ்வாய்க்கும் பொருத்தினர். ஆயினும், செவ்வாயின் இன்ன இடத்துப் பாறை என்று சுட்டி, அதனையே அளந்தறிய வழியில்லாதிருந்தது.

அவ்வழியைத் திறந்தது, 2012 ஆகஸ்டில் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி. 2013இல் அது 'கம்பர்லாந்து' எனப் பெயரிடப்பட்ட சேற்றுப்பாறையைத் துளையிட்டுச் சிறிது தூள் எடுத்தது. பொட்டாசியம்-40 என்னும் ஓரிடத்தான் 125 கோடி ஆண்டுகளில் பாதியாகக் குறையும். அவ்வாறு சிதைவதில் ஒரு பகுதி ஆர்கான் வளியாகும். உருகிய பாறையினின்று ஆர்கான் வெளியேறிவிடும். பாறை இறுகிய பின்னர்ப் பிறப்பதோ உள்ளேயே சிறைப்படும். ஊர்தி அத்தூளை ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வரை சூடேற்றி, விடுபட்ட ஆர்கானை அளந்தது. பொட்டாசியத்தின் அளவை மற்றொரு கருவி தந்தது. கிடைத்த விடை 421 கோடி ஆண்டுகள். பிழை எல்லை முன்னும் பின்னும் 35 கோடி. வேறொரு கோளின் நிலத்திலேயே ஒரு பாறைக்கு இவ்வகையில் வயது கணித்தது அதுவே முதன்முறை.

ஆனால், அது எதன் வயது? சேறு படிந்த காலம் அன்று. நீர் அடித்துவந்த துகள்கள் தம் தாய்ப்பாறையில் பிறந்த காலம். அப்பாறைக்கு மற்றொரு வயதும் உண்டு. மேற்பரப்பில் விண்வெளிக் கதிர்கள் பாயப் பாய, பாறையினுள் ஹீலியம், நியான், ஆர்கான் ஆகியவற்றின் சில வகைகள் புதிதாய் உண்டாகின்றன. அம்மூன்று சாட்சிகளும் ஏறக்குறைய ஒன்றையே கூறின: மேலிருந்த படிவுகளைக் காற்று அரித்து, இப்பாறை வெளிப்பட்டு ஏறத்தாழ 7.8 கோடி ஆண்டுகளே ஆகின்றன.

பின்னர் 'மொஹாவி' என்னும் பாறையின் தூளை இரு படிகளாகச் சூடேற்றினர். 2017இல் வெளியான முடிவின்படி, அதன் பழந்துகள்களின் வயது ஏறத்தாழ 407 கோடி ஆண்டுகள். நீரின் செயலால் பின்னர் விளைந்த ஜாரோசைட் என்னும் கனிமத்தின் வயதோ ஏறத்தாழ 212 கோடி ஆண்டுகள். இதனைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தவை நம் சுவடிகளே. பழம்பாடலும் பிற்கால இடைச்செருகலும் ஒரே ஏட்டில் அருகருகே கிடக்கவில்லையா? முழு ஏட்டையும் ஒருங்கே அளப்பவர்க்கு இரண்டிற்கும் பொருந்தாத ஓர் இடைக்காலமே எஞ்சும்.

தாம் நேசிக்கும் நூலைச் சில நூற்றாண்டுகள் முன்னே தள்ளிவைக்கும் ஆசை நம்மில் பலர்க்கும் உண்டு, எனக்கும் உண்டு. அவ்வாசையை மேடையில் முழங்கினால் கைதட்டலும் கிடைக்கும். ஆனால், 35 கோடி ஆண்டுகள் பிழைபடலாம் என்று வெளிப்படையாக உரைத்ததனால் அவ்வறிஞர்களின் பெருமை குன்றவில்லை. அவர்தம் கூற்று நம்பத்தக்கதாயிற்று. மாணவ நண்பர்களே, தொன்மையைப் போற்றுங்கள். அதற்கு முன், எதன் தொன்மை, எச்சான்றால், எவ்வளவு ஐயத்தோடு என்னும் மூன்றையும் கேளுங்கள். சான்று சுருக்கித் தரும் வயதையும் மனமுவந்து ஏற்பதே ஆராய்ச்சி அறம்.