துரை கையெழுத்துப் போட்ட பட்டியல்

ருவான்வெல்லைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் பால்வெட்டி வந்த இளைஞர் அவர். தோட்டத்துக் கிரிக்கெட் அணியின் வேகப்பந்து வீச்சாளரும்கூட. கலியாணம் கட்டியதும் வேலையை விட்டுவிட்டு, மனைவியின் தோட்டத்தில் பேர் பதியப் போனார். அங்குள்ள அணிக்கும் அவர்மேல் ஒரு கண். சிக்கல் அங்கிருந்துதான் தொடங்கியது. என்னிடம் வந்து சொன்னார்:

"கணக்கு முடிச்சுத் தர மாட்டேங்குறாங்க ஐயா. அடுத்த தோட்டத்துக்குப் பந்து போடப் போறவனுக்கு எதுக்குக் காசுன்னு கேக்குறாங்க."

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் இதற்கு இடம் வைக்கவில்லை. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருடச் சேவை முடித்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், வேலை முடிந்து 30 நாளுக்குள் கிடைக்க வேண்டும். வேலையை முடித்தது முதலாளியா, தொழிலாளியா என்ற பேதம் இல்லை. மோசடி, கையாடல், சொத்துச் சேதம் போன்ற காரணங்களுக்காக நீக்கப்பட்டவர்தான் அதை இழப்பார். அதுவும் நட்டத்தின் அளவுக்கு மட்டும். எதிரணிக்குப் பந்து வீசுவது அந்தக் குற்றங்களில் சேராது.

அந்த நாட்களில் நான் படித்துக்கொண்டிருந்தது ஓர் அமெரிக்க வழக்கு. ஜோர்ஜ் டூல்சன், நியூயோர்க் யாங்கீஸின் கிளை அணியான நெவார்க்கின் பேஸ்போல் வீரர். கீழ்மட்டத்திலிருந்த பிங்ஹாம்டன் அணிக்குப் போகச் சொன்னார்கள், மறுத்தார். வேறெந்த அணியிலும் ஆடத் தகுதியற்றவர் என்று பெயரெழுதிவிட்டார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வீரர் பழைய அணிக்கே சொந்தம் என்பது அன்றைய வழக்கம். முதலாளி அவரை விற்கலாம், மாற்றலாம். அவராக நகர முடியாது. பேஸ்போல் ஏகபோகத் தடைச் சட்டத்துக்குள் வராது என்று 1922இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 1953இல் 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் டூல்சனையும் திருப்பி அனுப்பியது. மாற்றுவதானால் காங்கிரஸ் மாற்றட்டும் என்றது.

நம் தோட்டங்களின் துண்டு முறைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. கங்காணியிடம் பட்ட கடன் துண்டில் ஏறும்; அதைத் தீர்க்காமல் ஆள் தோட்டம் மாற முடியாது. 1921இல் சட்டம் அதை ஒழித்தது. சம்பளத்தில் யாங்கீஸ் வீரரும் பால்வெட்டுபவரும் ஒன்றல்ல. இடம் மாறும் உரிமையில் இருவருக்கும் ஒரே பூட்டு.

தொழில் அலுவலக விசாரணையில் தோட்டத் தரப்பு பந்து வீச்சைப் பற்றி வாய் திறக்கவில்லை. மூன்றாம் வருடத்தில் சில மாதங்கள் இவர் பேர் வெட்டுப்பட்டிருந்தது, திரும்பப் பதிந்த நாளிலிருந்து 5 வருடம் ஆகவில்லை என்றார்கள். அந்த மாதங்களின் செக்ரோல், அதாவது தொழிலாளர் பேர்ப் பதிவேடு, எங்கே என்று கேட்டேன். வெள்ளத்தில் போய்விட்டதாம்.

அடுத்த தவணைக்கு என் கட்சிக்காரர் நான்காக மடித்த காபன் பிரதியொன்றோடு வந்தார். அணித் தலைவர் ஸ்கோர் புத்தகத்துக்குள் வைத்திருந்ததாம். தோட்டங்களுக்கிடையிலான போட்டிக்கு அனுப்பிய வீரர் பட்டியல் அது. செக்ரோலில் பேர் உள்ளவர்தான் ஆடலாம் என்பது போட்டி விதி. நான்காவதாக இவர் பெயர், எதிரே தொழிலாளர் இலக்கம், கீழே தோட்ட முகாமையாளரான துரையின் கையெழுத்து, தோட்ட முத்திரை. திகதி, அவர் தோட்டத்திலேயே இல்லை என்று தோட்டத் தரப்பு சொன்ன அதே மாதங்களுக்குள் விழுந்தது.

நான் ஒரே கேள்விதான் கேட்டேன். "இந்தப் பட்டியல் உண்மையா, பொய்யா?" உண்மையென்றால் சேவை முறியவில்லை. பொய்யென்றால் துரை போட்டியில் கள்ள ஆளை இறக்கியிருக்கிறார். தோட்டத் தரப்பு தவணை கேட்டது. அடுத்த தவணைக்கு முன்பே முழுத் தொகையும் வந்து சேர்ந்தது.

பேஸ்போல் வீரர்களின் பூட்டும் இப்படித்தான் திறந்தது. 1972இல், அதே வழக்கத்தை எதிர்த்த கேர்ட் ஃபிளட் என்ற வீரரையும் உச்ச நீதிமன்றம் கைவிட்டது. 1975 டிசம்பரில் நடுவர் பீற்றர் சைட்ஸ், மெஸ்ஸர்ஸ்மித், மக்னாலி என்ற இரு வீரர்களின் விவகாரத்தில் முதலாளிமாரின் ஒப்பந்தத்தையே எடுத்துப் படித்தார். ஒரு வருடம் நீடிக்கலாம் என்று எழுதியிருந்தால் அது ஒரு வருடம்தான், ஆயுளுக்கும் இல்லை என்று தீர்த்தார். முதலாளி தன் வசதிக்கு எழுதிய தாளே அவரைக் கட்டியது.

வேலையை விட நினைத்து வரும் தோட்டத்துப் பிள்ளைகளிடம் இன்றும் இரண்டு விடயம் சொல்கிறேன். விலகல் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தோட்டத்து முத்திரை பதிந்த தாள் எதுவானாலும், விளையாட்டுப் பட்டியல் உட்பட, ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.