பலகையில் ஓடும் கிள்ளான் இரயில்

பள்ளி விடுமுறைக்குப் பரிசாக வந்த பொம்மை இரயில், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான்காம் நாள், படிவம் இரண்டில் பயிலும் பேத்தி அதன் விசையை நிறுத்திவிட்டாள்.

“போய்க்கொண்டே இருக்கிறது, தாத்தா. ஆனால், எங்கேயும் போய்ச் சேரவில்லை.”

தாத்தா முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரயில்வேயின் சரக்குப் பிரிவில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சிரித்தார். “இரயிலுக்கு முதலில் வேண்டியது தண்டவாளம் இல்லை, கண்ணு. ஏற்றுவதற்குச் சரக்கு வேண்டும். இறக்குவதற்கு ஓர் இடம் வேண்டும். அப்போதுதான் அதற்குப் பாதை வேண்டும்.”

அன்று மாலையே இரண்டு மீட்டர் நீள ஒட்டுப்பலகை ஒன்று வீட்டிற்கு வந்தது. அதன்மீது கிள்ளான் பாதையின் மாதிரியை அமைப்பது என்று இருவரும் முடிவு செய்தனர்.

மலாயாவின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. மறு ஆண்டே கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றோரமிருந்த புக்கிட் கூடா வரை மற்றொரு பாதை வந்தது. ஈயத்தைக் கடலுக்குக் கொண்டு செல்ல இவ்விரண்டு பாதைகளும் தேவைப்பட்டன. 1890இல் ஆற்றைக் கடந்து கிள்ளான் நகரையும், பின்னர் புதிய துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹாமையும் இரயில் எட்டியது. அத்துறைமுகமே இன்றைய போர்ட் கிள்ளான். பின்னாளில் ஈயத்தோடு ரப்பரும் அவ்வழியே பயணம் செய்தது.

அடுத்து அளவுக் கணக்கு வந்தது. 87 மடங்கு சிறிதாக்குவது மாதிரி இரயில் அமைப்போரிடையே பரவலாக உள்ள வழக்கம். மலேசியாவின் இந்தப் பழைய பாதைகளில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர் இடைவெளி உண்டு. அதை 87ஆல் வகுத்தால் ஏறத்தாழ பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். கடையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் அதற்குப் பொருந்தியது. ஆனால், கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரையிலான 31 கிலோமீட்டரை அப்படியே சுருக்கினாலும் 350 மீட்டருக்கு மேல் நீளும்!

“அப்படியானால் நம் அடுக்குமாடியையே சுற்றி வர வேண்டுமே!” என்றாள் பேத்தி.

“அதனால்தான் எல்லாவற்றையும் வைக்க முடியாது. எது இல்லாவிட்டால் கதை நின்றுபோகுமோ, அதை மட்டும் வைப்போம்.”

பேத்திக்குச் செங்கற்சூளை ஒன்றை வைக்க ஆசை. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே அங்கிருந்த சூளைகளால் வந்ததுதானே! ஆனால், தாத்தா தயங்கினார். சூளைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்கு உரியவை. அவர்கள் அமைக்கவிருந்ததோ 1960ஆம் ஆண்டுகளின் காட்சி. ஒரே பலகையில் இரண்டு காலத்தைக் கலந்தால், பார்ப்பவருக்கு எதுவும் உண்மையாகத் தோன்றாது. பேத்தி சூளையைக் கைவிட்டாள்.

பலகையின் ஒரு முனையில் ரப்பர்த் தோட்டத்தின் புகைக்கூடம் எழுந்தது. உண்மையில் எட்டு மீட்டர் உயரம் கொண்ட கட்டடம், அட்டையில் ஒன்பது சென்டிமீட்டர் ஆனது. பால் உறைவதற்கு அமிலம் சேர்ப்பதையும், உறைந்த பாலை உருளைகளுக்கிடையே கொடுத்துத் தகடாக்குவதையும், அத்தகடுகளைப் புகையில் சில நாள் உலர்த்துவதையும் தாத்தா ஒவ்வொன்றாக விளக்கினார். அங்கிருந்து லாரி, நிலையத்துச் சரக்குக் கொட்டகை, இரயில், மறுமுனையில் துறைமுகக் கிடங்கு என வரிசை அமைந்தது.

கொட்டகைக்குச் செல்லும் கிளைத்தடத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. இன்ஜின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு உள்ளே போனால், முன்னால் தடம் முடிந்துவிடும். பின்னால் பெட்டிகள் மறிக்கும். இன்ஜின் விலகிச் சுற்றிவந்து பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளுவதற்குப் பக்கத்தில் இன்னொரு தடம் தேவை. அதைப் போட்டு முடிக்க இரண்டு வார இறுதிகள் ஆயின.

கடைசியில் ஒரு மூலை மட்டும் எஞ்சியது. அதைத் தாத்தா தொடக்கத்திலேயே தமக்கென்று ஒதுக்கியிருந்தார். பிரிக்பீல்ட்ஸில் அவர் குடியிருந்த இரயில்வே குடியிருப்பு இப்போது இல்லை. அவ்வீடு இந்தப் பலகையிலாவது இருக்கட்டும் என்பது அவருடைய ஆசை. அதன் கூரையைக்கூட அவர் வெட்டி வைத்துவிட்டார்.

அப்போது பேத்தி கேட்டாள்: “தாத்தா, புகைக்கூடம் இருக்கிறது, லாரி இருக்கிறது, கப்பலுக்குக் கிடங்கும் இருக்கிறது. பால்மரம் சீவியவர்கள் எங்கே?”

தாத்தா சற்று நேரம் பேசவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“உன் கொள்ளுப்பாட்டி சீவினார், அம்மா. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். நான் பிறந்தது லயத்து வீட்டில்தான். வேலையில் சேர்ந்த பிறகு அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் கிள்ளான் என்று மட்டும் சொல்லிவிடுவேன்.”

“ஏன், தாத்தா?”

“அப்போது அது குறைவாகத் தெரிந்தது.”

அன்றிரவு குடியிருப்பின் கூரை மேசை இழுப்பறைக்குள் போனது. மறுநாள் அந்த மூலையில் நீண்ட லயம் ஒன்று உருவாகத் தொடங்கியது. எத்தனை கதவுகள், குழாயடி எந்தப் பக்கம், கோயில் எவ்வளவு தூரத்தில் என்று தாத்தா நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, பேத்தி அட்டையில் கோடு போட்டாள். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதரை அந்த அளவில் செய்தால் இரண்டு சென்டிமீட்டர்கூட இராது. பேத்தி தீக்குச்சியைச் சீவி, துணி ஒட்டி, தலையில் ஒரு மஞ்சள் புள்ளி வைத்தாள். அதுதான் விளக்கு.

அந்த உருவத்தைப் புகைக்கூடத்தின் அருகே நிறுத்தப் போனவளைத் தாத்தா தடுத்தார்.

“அங்கே இல்லை, கண்ணு. மரத்தடியில் வை. அங்கேதான் எல்லாம் தொடங்குகிறது.”

பிறகு அவரே விசையைத் திருப்பினார். இரயில் கொட்டகையில் நின்றது. சரக்கை ஏற்றிக்கொண்டு துறைமுகம் நோக்கிப் புறப்பட்டது.